கண் மூடினால் நிற்கும் செக்கு

நிழலைக் காலால் அளந்து நேரம் சொன்ன காலம் அது. அந்தக் காலத்தில் நெடுங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் இருந்தார். ஆனால் அவர் இருந்தது எட்டு நாள் நடைத் தூரத்தில். இந்தக் கதைக்குள் அவர் வர மாட்டார். வந்தால் பாதிக் கதை அவருக்குக் குடை பிடிப்பதிலேயே போய்விடும்.

நமக்கு வேண்டியவன் சிவந்தியப்பன். எண்ணெய் ஆட்டுகிறவன். எள்ளை ஒரு கை அள்ளி முகர்ந்தால் போதும், எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவான். அவ்வளவு கெட்டிக்காரன். கூடவே கொஞ்சம் பேராசையும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நல்லெண்ணெயில் இலுப்பை எண்ணெயைக் கலந்து, நல்லெண்ணெய் என்றே விற்றான்.

எங்கே வைத்துக் கலந்தான் தெரியுமா? செக்கைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டியிருந்தான். அந்தத் தட்டிக்குப் பின்னால். யாரும் பார்க்கவில்லை.

அந்த எண்ணெய் வடிவாள் என்ற பெண்ணின் கல்யாணப் பந்திக்குப் போனது. தாலி கட்டியாயிற்று. பந்தி எழுந்தது. வெயில் தாழ்வதற்குள் மாப்பிள்ளை குளத்துப் பக்கம் ஓடினார். மாப்பிள்ளையின் அப்பா ஓடினார். மாப்பிள்ளையின் தோழர்கள் எல்லோரும் ஓடினார்கள். சிரிக்கிறீர்களா? ஊரும் அப்படித்தான் சிரித்தது. ஆனால் வடிவாளின் அத்தை அதிலிருந்து எழுந்து நடமாட ஆறு மாதம் ஆனது. வடிவாளுக்கோ 'பேதிக் கல்யாணக்காரி' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் எடுக்கப் போனாலும் அந்தப் பெயர்தான், கோயிலுக்குப் போனாலும் அந்தப் பெயர்தான்.

தட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். இலுப்பை எண்ணெய்ப் பானை அகப்பட்டது. சிவந்தியப்பன் கையில் இரும்பு வளையம் மாட்டி, ஏழு வருஷம் கல் உடைக்க அனுப்பினார்கள். குற்றம் செய்தான், தண்டனை பெற்றான். அதில் வழக்கில்லை.

ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். வளையம் மட்டும் கூடவே வந்தது. நெடுங்கரையின் சட்டம் அப்படி. சிறை மீண்டவன் ஒரு வருஷத்துக்குள் ஏதாவது தொழில் செய்து பிழைக்க வேண்டும். அவன் கைவேலையை அறிந்தவர்கள் மூன்று பேர் மன்றத்துக்கு வந்து கை தூக்க வேண்டும். மூன்று கை எழுந்தால் வளையத்தை வெட்டி எறிவார்கள். எழாவிட்டால் வளையத்தோடு ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவார்கள். பிறகு இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது.

இன்னும் ஒன்று உண்டு. கை தூக்கியவர் சும்மா போய்விட முடியாது. வளையம் கழன்றவன் மறுபடி தப்புச் செய்தால், அவனுக்காகக் கை தூக்கிய மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மாதம் கல் உடைக்க வேண்டும். எப்படி இருக்கிறது சட்டம்?

சிவந்தியப்பனுக்கு ஆவுடையாள் என்று ஒரு மனைவி. ஏழு வருஷம் காத்திருந்தவள். அவளுடைய அப்பா கால் விளங்காமல் கட்டிலோடு கிடந்தார்.

"நல்லாக் கேட்டுக்கிடும்," என்றாள் அவள். "உம்மை அக்கரைக்கு அனுப்பினா நான் கூட வர முடியாது. அப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்? ஏழு வருஷம் எப்படியோ ஓட்டிட்டேன். இனிமே என்னால ஆகாது."

சொல்லிவிட்டு அடுப்பு ஊதப் போனாள். புகையால் கண் கலங்கியதா, வேறெதனாலா என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

வேலை தேடிப் போனான். செங்கல் சூளைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கையில் வளையம் கணீர் என்றது. ஆள் வேண்டாம் என்றார். நெசவுக்காரர், வளையம் நூலில் மாட்டும் என்றார். அது வெறும் சாக்கு. மூன்றாவதாக எண்ணெய் வியாபாரி ஒருவரிடம் போனான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்னை வச்சுக்கிட்டா என் எண்ணெயை எவன்யா வாங்குவான்?" என்றார். அவராவது உள்ளதைச் சொன்னார்.

சிவந்தியப்பன் வீட்டுக்கு வந்தான். "யாரும் வேலை தர மாட்டாங்க. நானே சொந்தமாச் செக்கு ஓட்டப்போறேன்," என்றான்.

ஆவுடையாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்போ முதலாளியும் நீர்தான், கூலிக்காரனும் நீர்தான். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம இருங்க."

ஊருக்கு வெளியே, மூன்று பாதை கூடும் இடத்தில், ஒரு பழைய கல்செக்கு கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்தான். மர உலக்கை செதுக்கினான். மாமனாரிடம் வயசான காளை ஒன்று இருந்தது. "அதுவும் என்னை மாதிரி சும்மாதான் கிடக்கு, ஓட்டிக்கிட்டுப் போங்க மருமவனே," என்றார் அவர். மாடும் ஆயிற்று.

பிறகு, பழைய பழக்கம் பாருங்கள், செக்கைச் சுற்றி ஓலைத் தட்டி கட்ட ஆரம்பித்தான். இரண்டு பக்கம் கட்டினான். மூன்றாவது பக்கத்துக்குக் கயிறு எடுத்தவனுக்குக் கை ஓடவில்லை. அந்தத் தட்டியின் வாசம், அந்தத் தட்டியின் இருட்டு. கலந்த நாளெல்லாம் இதற்குப் பின்னால்தானே நின்றோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்டிய இரண்டு பக்கத்தையும் அவிழ்த்து மாட்டுக்குக் கொட்டகை போட்டுவிட்டான். செக்கு வெட்டவெளியில் நின்றது.

அதோடு விட்டானா? செக்குப் பலகையில் பாரம் வேண்டும். பாரம் அழுத்தினால்தான் உலக்கை எள்ளை நசுக்கும். எல்லோரும் அதற்குப் பெரிய கல்லை ஏற்றி வைப்பார்கள். சிவந்தியப்பன் கல்லை இறக்கிப் போட்டான். எள் கொண்டு வருகிற ஆளையே பலகையில் ஏறி உட்காரச் சொன்னான்.

"எள் உங்களோடது. கருப்பட்டி உங்களோடது. பானை உங்களோடது. ஏறி உக்காந்து உரலுக்குள்ளேயே பாத்துக்கிட்டு வாங்க. கடைசியில என் கூலிக்கு ஒரு சிரட்டை எண்ணெய், அதையும் உங்க கையாலேயே ஊத்திட்டுப் போங்க," என்றான்.

ஊர் வாயைப் பிளந்தது. இது என்னடா புதுசாக இருக்கிறது? எண்ணெய்க்காரன் ஆளைத் தூக்கிச் செக்கில் வைக்கிறானாமே? சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். திரும்பி வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். பார்த்தார்களே தவிர, ஒருவரும் எள்ளோடு வரவில்லை.

முதலில் வந்தவர் வாய்க்கால் காவல்காரர் மாடசாமி. எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பலகையில் ஏறி உட்கார்ந்தார். காளை சுற்றியது. செக்கு முனகியது. ராத்திரியெல்லாம் வாய்க்கால் காத்த மனுஷன். நாலு சுற்றில் தலை தொங்கிவிட்டது. குறட்டை வேறு.

விழித்துப் பார்த்தால் பானை நிறைய எண்ணெய்.

"நான் கண் அசந்த நேரத்துல என்னத்தைக் கலந்தே?" என்றார் மாடசாமி.

"ஒண்ணும் கலக்கல அண்ணாச்சி."

"அதை எப்படி நான் நம்புறது?"

யோசித்துப் பாருங்கள், அவன் சொன்னது சத்தியம். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்பும் இதே வாய்தானே 'ஒன்றும் கலக்கவில்லை' என்று சொன்னது. மாடசாமி எண்ணெயைத் தொடாமல் எழுந்துவிட்டார். அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய், விதைக்கு வைத்திருந்த எள்ளை எடுத்து வந்தான். மறுநாள் அவரை மறுபடி ஏற்றி உட்கார வைத்தான். இந்தத் தடவை அவர் கண் சொருகியதும் காளையைப் பிடித்து நிறுத்தினான். செக்கு நின்றது. செக்கு நின்றதும் அவருக்கு முழிப்பு வந்தது. முழித்ததும் மறுபடி ஓட்டினான். இப்படிப் பதினோரு தடவை.

அன்றிலிருந்து அதுவே வழக்கம் ஆனது. ஏறி உட்கார்ந்தவர் கண் மூடினால் செக்கு நிற்கும். 'கண் மூடினால் நிற்கும் செக்கு' என்று பெயரே வந்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவள் மருத்துவச்சி நாச்சியார். தைலம் காய்ச்சச் சுத்தமான எண்ணெய் வேண்டும் அவளுக்கு. எண்ணெய் பிரிவதற்காக நடுவில் கருப்பட்டி போடுவார்களே, அந்தக் கருப்பட்டியை அவள் முகர்ந்தாள், நக்கினாள், தன் கையாலேயே உரலில் போட்டாள். எண்ணெயில் திரி நனைத்து எரித்துப் பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "ம்," என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

பிறகு கேட்கவா வேண்டும்? எள்ளும் பானையுமாக ஊரே வந்தது. பலகையில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிப் பார்ப்பதில் கிழவர்களுக்கு ஒரு தனி சுகம்.

எண்ணெய்க்கு வந்தார்கள். கை தூக்க வந்தார்களா? அதுதான் இல்லை. எண்ணெய் என்றால் நாக்கோடு போயிற்று. கை தூக்கினால் கல் உடைப்பில் போய் நிற்க வேண்டி வருமே. "நல்ல மனுஷன்தான், இருந்தாலும்..." என்பார்கள். 'இருந்தாலும்' என்றதும் பேச்சு நின்றுவிடும். மாடசாமி தூக்குவதாகச் சொன்னார். நாச்சியார் "ம்," என்றாள். மூன்றாவது கை மட்டும் கிடைக்கவில்லை.

நாள் ஓடியது. வருஷத்தின் கடைசி நாளும் வந்தது. அன்று பொழுது சாயும்போது மன்றம் கூடும்.

அன்று காலையில் ஒரு பெண் எள்ளுக் கூடையோடு வந்து நின்றாள். சிவந்தியப்பன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த மாட்டுக் கயிறு நழுவியது. அவள் வடிவாள்.

"தாயி, நான் உங்க கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும். அதைப் பேச வரல," என்றாள் வடிவாள். "எண்ணெய் வேணும். ஆட்டிக் குடுத்து, அது எனக்குப் பிடிச்சிருந்தா, சாயங்காலம் வந்து கை தூக்குறேன். ஆனா ஒண்ணு. பிள்ளைக்குக் காய்ச்சல், மூணு ராத்திரியா நான் தூங்கல. பலகையில நான் தூங்கினா எழுப்பப்படாது. செக்கையும் நிறுத்த வேண்டாம். உம்ம பாட்டுக்கு ஆட்டும்."

பலகையில் ஏறினாள். காளை சுற்றியது. பத்துச் சுற்றுக்குள் அவள் கண் மூடிவிட்டது.

காளை நின்றது. அவன் கை தானாகவே நிறுத்திவிட்டது.

இப்போது என்ன செய்வது? எழுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆட்டு என்றும் சொல்லியிருக்கிறாள். ஆட்டினால் எண்ணெய் தயார், எண்ணெய் தயாரானால் மூன்றாவது கை தயார். ஆவுடையாள் தூரத்தில் நின்று, "அவதான் ஓட்டச் சொல்லிட்டாளே, ஓட்டுமே," என்று கையால் ஜாடை காட்டினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சிவந்தியப்பன் உரலின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து மூடினான். பத்தடி தள்ளிப் போய், பாதையில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

நிழல் குட்டையானது. உச்சிப்பொழுது வந்தது. அவன் ஒருமுறை எழுந்தான். ஓட்டிவிடலாம் என்றுதான் எழுந்தான். எதைக் கலக்கப் போகிறோம், ஒன்றுமே இல்லையே என்று காளையின் முதுகில் கை வைத்தான். வளையம் கணீர் என்றது. 'அதை எப்படி நான் நம்புறது' என்று மாடசாமி கேட்டது காதுக்குள் கேட்டது. கையை எடுத்துவிட்டான். காளைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

நிழல் கிழக்கே நீளத் தொடங்கியது. இரண்டாவது முறை எழுந்தான். எழுப்பிவிடலாம் என்று போனான். பக்கத்தில் போய்ப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்தப் பெண்ணின் நல்ல நாளை ஒருதரம் கெடுத்தது போதாதா, தூக்கத்தையும் கெடுக்க வேண்டுமா என்று தோன்றியது. கூடையில் வாய் வைத்த கோழியை விரட்டிவிட்டுத் திரும்பினான்.

வெயில் சாய்ந்தது. மூன்றாவது முறை எழுந்தான். வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. ஒரு பனை ஓலையை வெட்டி வந்து, நிழல் விழுகிற மாதிரி நட்டுவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். அக்கரைக்குப் போய்விட்ட மாதிரிதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. அழுதான்.

மன்றத்து முரசு கேட்டது. வடிவாள் கண் திறந்தாள். பலகையிலிருந்து இறங்கினாள். துணியை விலக்கி உரலுக்குள் பார்த்தாள். அரைபட்டதும் படாததுமாக எள் கிடந்தது. பானையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. வெறும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மன்றத்தில் ஊர் கூடியிருந்தது. மன்றத் தலைவர் குலசேகரம், "சிவந்தியப்பனுக்காகக் கை தூக்குகிறவர்கள் யார்?" என்று கேட்டார்.

மாடசாமி தூக்கினார். நாச்சியார் தூக்கினாள். பிறகு வேறு கை எழவில்லை. ஆவுடையாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வடிவாள் கை எழுந்தது.

தலைவர் புருவத்தை உயர்த்தினார். "இவன் உனக்கு எவ்வளவு எண்ணெய் ஆட்டிக் கொடுத்தான் அம்மா?"

"ஒரு சொட்டுக்கூட இல்லை." பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

கூட்டம் சிரித்தது. "பேதிக் கல்யாணக்காரிக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சு போல," என்றான் ஒருவன்.

வடிவாள் அவன் பக்கம் திரும்பினாள். "மறக்கல. எட்டு வருஷமா நீங்க எனக்குப் போட்ட வளையம் அது. அவருக்குப் போட்டது இரும்பு, வெட்டிடலாம். என்னோடதை எந்தக் கொல்லன் வெட்டுவான்?"

சிரிப்பு அடங்கியது.

"இன்னிக்கு நான் தூங்கல," என்றாள் அவள் தலைவரைப் பார்த்து. "தூங்கின மாதிரி கிடந்தேன். கையும் களவுமாப் பிடிக்கணும்னுதான் போனேன். ஓட்டச் சொல்லி நானே சொல்லியிருந்தேன். யாரும் தடுக்கல. நாள் முழுக்க இமை இடுக்குல பாத்துக்கிட்டிருந்தேன். மூணு தடவை எழுந்து வந்தாரு. ஒரு தடவை மாட்டுக்குத் தண்ணி காட்டினாரு. ஒரு தடவை என் எள்ளைத் தின்ன கோழியை விரட்டினாரு. ஒரு தடவை எனக்கு நிழலுக்கு ஓலை நட்டாரு. நான் கண்ணைத் திறக்குற வரைக்கும் செக்கு அசையல. எத்தனையோ பேர்கிட்ட எண்ணெய் வாங்கியிருக்கேன். கண் மூடினவளுக்கு எண்ணெய் ஆட்டித் தர மாட்டேன்னு, ஊரையே விட்டுப் போகத் துணிஞ்சு உக்காந்திருந்தவரு இவர் ஒருத்தர்தான். என் கை இறங்காது."

தலைவர் கொல்லனைக் கூப்பிட்டார். வளையம் இரண்டே அடியில் தெறித்து விழுந்தது. சிவந்தியப்பன் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான். எடை குறைந்த கை மேலே மேலே போனது. ஆவுடையாள் அத்தனை பேர் நடுவிலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் அதற்கப்புறம் யாரும் வடிவாளை அந்தப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நாச்சியார் முறைத்தாள்.

மறுநாள் காலை வடிவாள் வந்தாள். மிச்ச எள் உரலிலேயே இருந்ததே. பலகையில் ஏறினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றது பொய்யில்லை. முந்தின நாள் முழுக்கத் தூங்காமல் தூங்குவது போல் கிடந்த அலுப்பு வேறு. நாலாவது சுற்றில் நிஜமாகவே தூங்கிப்போனாள்.

காளை நின்றது.

"யோவ், இனிமேயாவது ஓட்டுமேய்யா," என்றாள் ஆவுடையாள். சிவந்தியப்பன் தலையை ஆட்டிவிட்டு, துணியை எடுத்து உரலை மூடினான். அன்றைக்கு எண்ணெய் வீடு போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒருமுறை தவறியவன் 'என்னை நம்புங்கள்' என்று வாயால் கேட்டு நம்பிக்கையைத் திரும்பப் பெற முடியாது, யாரும் பார்க்காத நேரத்திலும் எல்லோரும் பார்ப்பது போலத் தொழில் செய்தால்தான் பெற முடியும்.